ஒரு கை பிள்ளைக்கு, ஒரு கை கம்பிக்கு

தேனி புதிய பேருந்து நிலையத்தில் கம்பம் பேருந்து வந்து நின்றதும் ஏறுகிறவர்களைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று புரியும். இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக ஏறும் உள்ளூர்த் தாயிடம் தோளில் மாட்டிய ஒரே ஒரு பைதான் இருக்கும். வெளியூரிலிருந்து வந்த குடும்பம் சக்கரப் பெட்டி, சாப்பாட்டுக் கூடை, தலையணை, விளையாட்டுச் சாமான் பை என்று நான்கைந்தைப் படியருகே வைத்துக்கொண்டு, எதை முதலில் ஏற்றுவது என்று தவிக்கும். உள்ளூர்க்காரருக்கு அந்தத் தவிப்பு இல்லை. ஓடும் பேருந்தில் ஒரு கை பிள்ளைக்கு, ஒரு கை கம்பிக்கு. மூட்டைக்குத் தர மூன்றாவது கை கிடையாது. கம்பம் பள்ளத்தாக்கைச் சின்னப் பிள்ளைகளோடு சுற்ற நினைப்பவர்கள் இந்தக் கணக்கை வீட்டுக் கதவைப் பூட்டும் முன்பே போட்டுவிட வேண்டும்.

குழந்தை பிறந்தால் ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பயணமே இல்லை என்று பல இளம் பெற்றோர் முடிவு கட்டிவிடுகிறார்கள். கார் வாடகை, நல்ல விடுதி, குழந்தைக்கான தனிச் சாமான்கள் எல்லாம் சேர்ந்து பெரிய தொகையாகக் கண்ணில் நிற்பதுதான் காரணம். ஆனால் தமிழ்நாட்டில் பிள்ளையோடு மிகக் குறைந்த செலவில் பயணம் செய்யக்கூடிய பருவமே அந்த முதல் ஐந்து ஆண்டுகள்தான். அதை மெய்ப்பிக்கத் தேனி மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. ஊருக்கு ஊர் தூரம் குறைவு, பேருந்துகள் அதிகம், மூன்று பக்கமும் மலை, நடுவில் தண்ணீர்.

மதுரையிலிருந்து தேனிக்கு வரப் பேருந்துகள் ஏராளம். ஆனாலும் பிள்ளைகள் இருந்தால் ரயில்தான் நல்லது. மதுரை - போடிநாயக்கனூர் பாதை 1928இல் திறக்கப்பட்டது. போடியில் வந்து குவியும் ஏலக்காயும் மலைச்சரக்கும் வெளியூர் போகவே அது போடப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950களில் மீண்டும் ரயில் ஓடியது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட ரயில், தேனிக்குத் திரும்பி வர 2022 மே மாதம் வரை ஆனது. போடிக்கு 2023 ஜூனில் வந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சொந்த ஊரில் ரயிலைப் பார்க்காமலே பள்ளிக்கூடம் போனார்கள். முதல் வண்டி வந்தபோது நிலையங்களில் ஊரே திரண்டு நின்றதற்கு அதுதான் காரணம்.

மதுரையிலிருந்து போடி வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிப்பட்டிக் கணவாயில் ரயில் மலையை வெட்டிப் போட்ட வழியே நுழையும்போது பிள்ளைகளைச் சன்னலோரம் உட்கார வைக்க வேண்டும். கணவாயைக் கடந்தால் காற்றே மாறும். சென்னை சென்ட்ரலிலிருந்து வாரம் மூன்று இரவுகள் போடிக்கு நேரடி ரயிலும் இருக்கிறது. இரவில் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், காலையில் எழுந்தால் மலை. ஒரு இரவு விடுதிச் செலவும் மிச்சம்.

ரயிலில் ஐந்து வயது நிறையாத குழந்தைக்குப் பயணச்சீட்டே வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் இருந்தால், தனிப் படுக்கை கேட்காதவரை பாதிக் கட்டணம். படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். 2016இல் வந்த இந்த விதியைத் தெரிந்துகொள்ளாமல் நான்கு வயதுப் பிள்ளைக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் தனித்தனிப் படுக்கை எடுத்துப் பணத்தை இழப்பவர்கள் உண்டு. இரண்டு பேரும் ஒரு இரவு அம்மா, அப்பாவோடு ஆளுக்கொரு படுக்கையில் ஒட்டிப் படுத்துக்கொள்ளலாம்.

பேருந்தில் சலுகை இன்னும் பெரிது. அரசுப் பேருந்துகளில் ஐந்து வயது வரை கட்டணமில்லை என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் அந்த எல்லை மூன்று வயதாக இருந்தது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும் கட்டணம் கிடையாது. நகரப் பேருந்து என்றதும் நகரத்துக்குள் மட்டும் ஓடுவது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் அது தேனி, போடி, சின்னமனூர், கம்பம் போன்ற ஊர்களிலிருந்து மலையடிவாரத்துக் கிராமங்கள் வரை போய்த் திரும்பும் வண்டி. ஆக, ஒரு தாயும் நான்கு வயது மகளும் சின்னமனூரிலிருந்து சுற்றுவட்டாரக் கிராமம் ஒன்றுக்குப் போய் வந்தால் போக்குவரத்துச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. தந்தைக்கு மட்டும் டிக்கெட். பேருந்தின் முகப்பில் மகளிர் கட்டணமில்லாப் பயணம் என்ற பலகை இருக்கிறதா என்று பார்த்து ஏறினால் போதும். வேகமாகப் போகும் புறநகர்ப் பேருந்தில் இந்தச் சலுகை இல்லை. ஐந்தை நெருங்கும் பிள்ளையாக இருந்தால் பிறப்புச் சான்றிதழின் படம் ஒன்றைக் கைபேசியில் வைத்திருப்பது நல்லது. "பிள்ளைக்கு எத்தனை வயசும்மா?" என்ற கேள்வி கட்டாயம் வரும்.

இன்னொரு வசதியும் பலர் கண்ணில் படாமல் இருக்கிறது. 2015 ஆகஸ்டில் தமிழகமெங்கும் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. கைக்குழந்தையோடு வருகிறவர்கள் நிலையத்துக்குள் நுழைந்ததும் அது எங்கே என்று கேட்டு வைத்துக்கொண்டால், குழந்தை அழத் தொடங்கியபின் தேடி அலைய வேண்டியதில்லை.

பை எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? பெற்றோர் இருவருக்கும் முதுகில் மாட்டும் பை ஆளுக்கு ஒன்று. பிள்ளை தூங்கிவிட்டால் பையோடு சேர்த்து அதையும் தூக்கிக்கொண்டு அரைக் கிலோமீட்டர் நடக்க முடியுமா என்று வீட்டிலேயே ஒரு முறை நடந்து பார்த்துவிட வேண்டும். முடியவில்லையென்றால் பையிலிருந்து எதையாவது எடுத்து வெளியே வைக்க வேண்டும். பிள்ளைக்கு மூன்று செட் உடை. உடுத்தியிருப்பது ஒன்று, பையில் ஒன்று, கொடியில் காய்வது ஒன்று. இந்தப் பள்ளத்தாக்கில் அது போதுமானதற்குக் காரணம் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலையிடுக்குகள் வழியே புகுந்து விசை குறையாமல் வீசும். ஆண்டிப்பட்டி, கண்டமனூர் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். இரவு அலசிப் போட்ட பிள்ளைச் சட்டை காலையில் காய்ந்திருக்கும். மழைத் துளியைக் கேரளப் பக்கத்து மலைச்சரிவே பெரும்பாலும் வாங்கிக்கொள்வதால், அந்த மாதங்களில் இங்கே கனத்த மழை அடிக்கடி இருப்பதில்லை.

குழந்தை வண்டியை வீட்டிலேயே விட்டுவிடலாம். குடைபோல மடியும் இலகுவான குழந்தை வண்டியை 1965இல் வடிவமைத்தவர் ஓவன் மக்லாரன் என்ற ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கர அமைப்பை வடிவமைத்த பொறியாளர் அவர். விமானத்தின் கனம் குறைக்கத் தெரிந்த அறிவை அலுமினியக் குழாய்களில் காட்டினார். லண்டனின் நடைபாதைக்கு அது வரம். இங்கே கிராமத்துச் சாலையில் நடைபாதையே கிடையாது. வரப்பிலும் அருவிப் படியிலும் சக்கரம் உருளாது, நெரிசலான பேருந்தில் மடித்து வைக்கவும் இடமில்லை. இதற்கு மாற்று நான்கு முழப் பருத்தித் துண்டு. தோளில் சாய்ந்த பிள்ளையைத் தாங்கிக் கட்ட, பேருந்து இருக்கையில் விரிக்க, வெயிலுக்குத் தலையில் போட, குளித்தால் துவட்ட, மரத்தடியில் படுக்க வைக்க என்று ஒரு நாளில் ஐந்து வேலை செய்யும். தோல் நீக்கிச் சாப்பிடும் பழம், தண்ணீர் பாட்டில், ஒரு தூக்குவாளி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காய்ச்சல் மருந்து, ஒரு மஞ்சள் பை. இவ்வளவுதான் சாமான். பொம்மைகள் வேண்டாம். கண்ட இடத்தில் கல்லும் குச்சியும் கிடைக்கும்.

இந்த எளிமை இந்த மண்ணுக்குப் பழக்கமானது. தமிழ்ப் பிள்ளை ஒன்றின் முதல் பயணம் பெரும்பாலும் குலசாமி கோயிலுக்கு மொட்டை போடப் போவதாகத்தான் இருக்கும். புளியோதரையைக் கட்டுச்சோறாகக் கட்டிக்கொண்டு, பாய் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு, தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை கிளம்புவார்கள். தேனிக்கு அருகே முல்லையாற்றங்கரையில் இருக்கும் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்குப் போனால் அதைக் கண்கூடாகப் பார்க்கலாம். அக்கினிச் சட்டி எடுப்பவர்களுக்கும் ராட்டினங்களுக்கும் நடுவே, ஆற்று மணலிலும் மரத்தடியிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிள்ளைகளோடு படுத்திருக்கும். தலைக்குத் துணிப் பை, அருகில் தூக்குவாளி. அந்தக் குடும்பங்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய. நீண்ட தூரத்தில் கெடாத ஒரு சோறு, எல்லாரும் படுக்க ஒரு விரிப்பு, பிள்ளையை மாற்றி மாற்றித் தூக்க நான்கு கைகள். தாத்தா பாட்டியையும் கூட்டிப் போவதால் செலவு சிறிது ஏறினாலும் பெற்றோருக்கு அரை நாள் ஓய்வு கிடைக்கும்.

அடுத்த முடிவு தங்குமிடம். சின்னப் பிள்ளைகளோடு ஒவ்வொரு இரவும் ஓர் ஊரில் தங்குவது தேவையில்லாத தண்டனை. தினமும் பையை அவிழ்த்துக் கட்டுவதிலேயே பாதி நாள் போகும், ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று தொலையும். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் மூன்றில் ஏதாவது ஒன்றில் எளிய விடுதியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட வேண்டும். தேனியிலிருந்து கம்பம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். அந்த நீளத்துக்குள் பள்ளத்தாக்கின் முக்கிய ஊர்கள் எல்லாம் ஒரே நெடுஞ்சாலையில் வரிசையாக இருக்கின்றன. காலையில் ஒரு இடம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூக்கம், மாலையில் ஊருக்குள் ஒரு நடை. ஒரு நாளைக்கு ஒரு இடத்துக்கு மேல் திட்டம் போடக் கூடாது.

இடங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? பிள்ளைகளுக்கு இடங்களின் பட்டியல் விளங்காது, கதை விளங்கும். கம்பம் பள்ளத்தாக்கின் கதை தண்ணீரின் கதை. மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய கதை. 1887இல் கர்னல் ஜான் பென்னிகுயிக் தலைமையில் தொடங்கிய முல்லைப் பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. தேக்கடி ஏரியிலிருந்து ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் சுரங்கம் வழியே தண்ணீர் மலையைத் தாண்டி இந்தப் பக்கம் விழுகிறது. காட்டு விலங்கு, மலேரியா, அடித்துப் போன வெள்ளம் என எல்லாவற்றையும் மீறிக் கட்டிய அணை. இன்றைக்குத் தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்களுக்கு அது வாழ்வு.

அந்தத் தண்ணீரைப் பின்தொடர்ந்தே ஒரு முழுப் பயணத்தை அமைக்கலாம். முதல் நாள் கம்பம், கூடலூர் தாண்டி லோயர்கேம்ப். மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்கள் குமுளிச் சாலையிலிருந்தே தெரியும். மேலிருந்து விழும் நீரின் வேகத்தில் மின்சாரம் எடுத்துவிட்டு ஆற்றில் விடுகிறார்கள். 2013 ஜனவரியில் திறக்கப்பட்ட பென்னிகுயிக் மணிமண்டபம் அங்கேதான். பிள்ளைகள் ஓடியாட இடமும் நிழலும் உண்டு. ஓர் ஆங்கிலேயருக்கு ஊர் மக்கள் பொங்கல் வைப்பது ஏன் என்று பிள்ளை கேட்டால், ஜனவரி 15 அவர் பிறந்த நாள் என்றும், சின்னமனூர்ப் பக்கம் பாலார்பட்டியில் ஆண்டுதோறும் அவர் நினைவாகப் பொங்கல் வைக்கிறார்கள் என்றும் சொல்லலாம். தேனி புதிய பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர்தான்.

அடுத்த நாள் அதே தண்ணீரை வயலில் பார்க்கலாம். லோயர்கேம்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்த நீரை நம்பியிருக்கிறது. அணையில் இருப்பு இருந்தால் ஜூன் தொடக்கத்தில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். நாற்று நடும் வாரங்களில் வந்தால், நகரத்துப் பிள்ளை முதன்முறையாகச் சேற்றில் கால் வைக்கும். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வரப்பில் நடந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. கொக்கு, தவளை, நண்டு வளை, வாய்க்கால் மடை எனக் காலை முழுக்கப் பார்க்க இருக்கும்.

மூன்றாவது நாள் தண்ணீர் போய்ச் சேரும் இடம். முல்லையாறு தேனிக்கு அருகே வைகையோடு கலந்து, ஆண்டிப்பட்டிக்குப் பக்கத்தில் வைகை அணையில் தேங்குகிறது. 1959 ஜனவரியில் திறக்கப்பட்ட அந்த அணை 71 அடி வரை நீரைத் தாங்கும். நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் ஆற்றங்கரை ஊர்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை விடுப்பார்கள். அணையின் இரு கரையிலும் பூங்கா இருக்கிறது. மாவட்டத்திலேயே சின்னப் பிள்ளைகளோடு கவலையில்லாமல் அரை நாள் கழிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. கையில் கட்டுச்சோறு இருந்தால் அங்கேயே மதியச் சாப்பாடு. லோயர்கேம்பில் குழாயில் இறங்கிய தண்ணீர்தான் இது என்று சொல்லும்போது ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு ஆற்றின் நீளம் கண்ணால் விளங்கிவிடுகிறது. பாடப்புத்தகத்தில் வரைபடம் வரும்முன்பே வரும் பாடம் அது.

ஆற்றில் இறங்குவதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். முல்லையாறு சாதுவாகத் தெரியும். அணையிலும் மின்நிலையத்திலும் திறக்கும் அளவைப் பொறுத்து நீரோட்டம் மாறும். படித்துறையில் உட்கார்ந்து கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதுவும் பெரியவர் ஒருவர் பிள்ளையின் கையைப் பிடித்தபடியே இருக்க வேண்டும்.

சுருளி அருவி கம்பத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர். மேகமலையிலிருந்து இறங்கும் நீர் இரண்டு நிலைகளாக விழுகிறது. வனத்துறை நுழைவாயிலிலிருந்து அருவிக்கு மரநிழலில் கொஞ்சம் நடக்க வேண்டும். குரங்குகள் உணவுப் பையைக் குறிவைக்கும். கையில் பொட்டலம் இல்லாமல் போவதே பாதுகாப்பு. நீர்வரத்து அதிகமானாலோ யானை நடமாட்டம் இருந்தாலோ அருவியை மூடிவிடுவார்கள். அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று கம்பம் பேருந்து நிலையத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். பெரியகுளத்துக்கு அருகே கும்பக்கரை அருவிக்கும் இதே நிலைமைதான். மூடியிருந்தால் ஏமாற்றம் வேண்டாம். சுருளிக்குப் போகும் வழியெல்லாம் திராட்சைப் பந்தல்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இங்கே அறிமுகப்படுத்திய கொடி இது. இந்தியாவின் பிற இடங்களில் திராட்சைக்குக் குறிப்பிட்ட பருவம் உண்டு. இங்கே ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் அறுவடை நடக்கும், ஆண்டு முழுக்கப் பழம் கிடைக்கும். காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ஆனைமலையான்பட்டி என்று எங்கே இறங்கினாலும் பந்தல் கண்ணில் படும். தோட்டத்துக்காரர் அனுமதித்தால் உள்ளே போகலாம். பெரியவர் குனிந்து நடக்க வேண்டிய பந்தலுக்கடியில் மூன்று வயதுப் பிள்ளை நிமிர்ந்து நடக்கும். பள்ளத்தாக்கில் பிள்ளையின் உயரத்துக்கென்றே அமைந்தது போன்ற இடம் இது ஒன்றுதான்.

தோட்டத்து விலைக்கு ஒரு கிலோ வாங்கினால் குடும்பத்துக்கே போதும். ஆனால் கொடியிலிருந்து பறித்து அப்படியே பிள்ளை வாயில் போடக் கூடாது. மருந்து தெளித்திருப்பார்கள், நன்றாகக் கழுவ வேண்டும். பன்னீர் திராட்சைக்கு விதையும் உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழுத் திராட்சை தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருப்பதால், நீளவாக்கில் நான்காக நறுக்கி விதையை எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வாழைப்பழத்துக்கு அந்தக் கவலையில்லை. சின்னமனூர், கம்பம் வட்டாரமே வாழைத் தோப்பு. இட்லி, வாழைப்பழம், தயிர்ச்சோறு மூன்றும் எந்த ஊரிலும் கிடைக்கும்போது, பிள்ளைக்கென்று டப்பா உணவு சுமந்து வர வேண்டியதில்லை.

ஒரு நாளை எதுவும் இல்லாத ஊருக்கென்று ஒதுக்க வேண்டும். அதற்குப் பொருத்தமான ஊர் பொட்டிப்புரம். போடிக்கும் தேவாரத்துக்கும் இடையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது. அருவி இல்லை, பூங்கா இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை. மானாவாரிக் காடுகள், ஆட்டு மந்தை, காற்று, ஊருக்கு மேலே அம்பரப்பர் மலை. உலக இயற்பியலாளர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் தெரியும். இந்த மலைக்கடியில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, 50,000 டன் காந்த இரும்பாலான கருவியை வைத்து நியூட்ரினோ துகளை ஆராயும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மலைக்குள் வெடி வைத்தால் நிலத்தடி நீரும் காடும் என்னவாகும் என்று கேட்டுச் சுற்றியுள்ள கிராமங்கள் எதிர்த்தன. வழக்குகள் நடந்தன. புலிகள் நடமாடும் வழி என்பதையும் சுட்டிக்காட்டி, அனுமதிக்க முடியாது என்று 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மலை அப்படியே நிற்கிறது.

நான்கு வயதுப் பிள்ளைக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கட்டைவிரல் நகத்தைக் காட்டச் சொல்லி, சூரியனிலிருந்து கிளம்பிய நியூட்ரினோக்கள் அந்த நகத்தளவு இடத்தில் ஒவ்வொரு நொடியும் 6,000 கோடிக்கு மேல் ஊடுருவிப் போகின்றன, வலிக்கவும் இல்லை, தெரியவும் இல்லை என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். மற்ற கதிர்களை வடிகட்டிவிட்டு அந்தத் துகளை மட்டும் பிடிக்கத்தான் இவ்வளவு பெரிய மலை தேவைப்பட்டது. இதே காரணத்துக்காக 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகள் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்தார்கள். ஒரு மலையை அறிவியலுக்குக் கேட்பவர்களும் காட்டுக்கும் தண்ணீருக்கும் கேட்பவர்களும் இருந்தார்கள் என்பதைப் பத்து வயதுப் பிள்ளையோடு பேசலாம். சின்னது கல் பொறுக்கட்டும், ஆட்டுக்குட்டி பின்னால் போகட்டும். இந்த மாதிரி ஊரில் பிள்ளையின் கையை விட்டுவிட முடிவதே பெற்றோருக்குப் பெரிய ஓய்வு. பக்கத்திலேயே பண்ணைப்புரம், இளையராஜா பிறந்த ஊர். திரும்பும் பேருந்தில் பெரும்பாலும் அவர் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

கிராமத்துக்குப் போகும் நகரப் பேருந்துகள் மணிக்கணக்கு இடைவெளியில்தான் வரும். இறங்கும்போதே திரும்பி வரும் நேரத்தை நடத்துநரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரமும் விடும் நேரமும் கூட்டம் நெரியும். அதைத் தவிர்த்துக் காலை பத்து மணிக்கு மேல் கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும். கூட்டத்திலேயே ஏற நேர்ந்தாலும் பயமில்லை. "பையனை இங்கிட்டு குடுங்கம்மா, மடியில வச்சுக்கிறேன்" என்று முன்பின் தெரியாத ஒரு அக்கா கையை நீட்டுவார். அடுத்த நிறுத்தத்துக்குள் பிள்ளையின் பெயர், பல் முளைத்த கதை எல்லாம் விசாரித்துவிடுவார். வாடகைக் காரில் வந்திருந்தால் பிள்ளைக்கு இந்த மடி கிடைத்திருக்காது.

சில இடங்களைத் தள்ளிவைக்கும் துணிவும் வேண்டும். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பூக்களின் பெயர். தேயிலைத் தோட்டமும் ஏரியும் அருமையானவைதான். ஆனால் பயண வாந்தி அதிகம் படுத்துவது இரண்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை. ஒரே நாளில் போய்த் திரும்பினால் அவர்களுக்கு நினைவில் நிற்பது அந்த வளைவுகள் மட்டுமே. போடிக்கு மேலே குரங்கணியில் அடிவாரம் வரை போகலாம், மலையேற்றம் வேண்டாம். 2018 மார்ச்சில் காட்டுத்தீ அங்கே மலையேறியவர்களில் 23 உயிர்களை வாங்கியது. சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் கூடலூர்ப் பக்கம் பளியங்குடியிலிருந்து காட்டுவழியே ஆறு கிலோமீட்டருக்கு மேல் செங்குத்தாக ஏற வேண்டும். பிள்ளைகள் சொந்தக் காலில் ஏறும் வயது வரட்டும்.

உடம்புக்கு ஏதாவது என்றால் பதற வேண்டாத மாவட்டம் இது. பெரிய கிராமங்களில் ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. தேனிக்கும் ஆண்டிப்பட்டிக்கும் இடையே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 108 எங்கிருந்தும் வரும். வயிற்றுப்போக்குக் கண்டதும் கரைசல் பொட்டலம் கையில் இல்லையென்றால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து வாய் வாயாகக் கொடுக்கலாம். பிள்ளை சோர்ந்து போனாலோ சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

இவ்வளவு இருந்தும் இல்லாதவை சில உண்டு, அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். ஊர்ப் பேருந்து நிறுத்தங்களில் சுத்தமான கழிப்பறை இல்லாததால்தான் பல தாய்மார்கள் பிள்ளைகளோடு வெளியே கிளம்பத் தயங்குகிறார்கள். குடிநீர்க் குழாய் ஒன்றும் நிழல் தரும் கூரை ஒன்றும் இல்லாத நிறுத்தங்கள் இன்னும் இருக்கின்றன. கிராமத்துக்கு வந்து திரும்பும் பேருந்தின் நேரத்தை எழுதி வைத்த பலகை ஒன்று இருந்தால், வெயிலில் கைக்குழந்தையோடு நிற்கும் நேரம் பாதியாகும். ஐந்து வயது வரை கட்டணம் வேண்டாம் என்று சொன்ன அரசுக்கும், பேருந்து நிலையத்தில் பாலூட்ட அறை கட்டிய நிர்வாகத்துக்கும், இந்தச் செலவு பெரிதில்லை. பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் மனம் வைத்தால் அடுத்த சித்திரைத் திருவிழாவுக்குள் தொடங்கிவிடலாம். வீரபாண்டிக்குச் செல்லும் வழியிலுள்ள நிறுத்தங்களில் முதலில் தொடங்கட்டும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அதிகம் பேர் இறங்குவது அங்கேதான்.